குடும்பத்தோடு மாலத்தீவு ரிசார்ட் போகிறோம், ஸ்பாவில் யாருக்கு எது ஒத்துவரும்?

மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். பெங்களூரு ஜெயநகரிலிருந்து ஐந்து பேராக மாலத்தீவு போகிறீர்கள்: நீங்கள், கணவர், 9 வயது மகள், 68 வயது மாமியார், மூன்றாவது மாதம் நடக்கும் நாத்தனார். குடும்பங்களுக்கான ரிசார்ட், பேக்கேஜில் ஸ்பா கிரெடிட்டும் (ஸ்பாவில் மட்டும் செலவழிக்கக்கூடிய தொகை) சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பா மெனுவில் பக்கம் பக்கமாகப் பெயர்கள் இருக்கின்றன, எதை எடுத்தால் பணத்துக்குத் தகும் என்று கேட்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அத்தைக்கு 15 வருஷமா சுகர், பிரஷர் மாத்திரையும் போடறாங்க, அங்க போய் ஏதாவது ஆயிடுமோன்னு இருக்கு." உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஐந்து பேரில் யார் எந்த அறைக்குள் போகலாம், யார் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பணத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். அல்சூரில் பல வருடங்களாகக் கிளினிக் நடத்துகிறேன். இடையில் ஸ்பா வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு உடற்கூறு வகுப்பு எடுத்திருக்கிறேன், யாரைத் தொடக் கூடாது என்பதும் அந்தப் பாடத்தில் சேர்த்தி. தசை, மூட்டு, நரம்பு, சூடு, அழுத்தம் பற்றி நான் சொல்வது படிப்பும் பழக்கமும் சேர்ந்து வந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, நேரம் மாற்றுவது, நாத்தனாரின் கர்ப்பத்தில் ஏதாவது தனிச் சிக்கல் இருந்தால் அது, இவையெல்லாம் என் எல்லைக்கு வெளியே. அந்த இடங்களில் டாக்டரைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். தட்டிக்கழிக்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

மசாஜ் என்றாலே நம் வீட்டுப் பெரியவர்கள் கைக்குத்தான் பயப்படுவார்கள். அழுத்திப் பிடித்தால் எலும்பு என்ன ஆகும், நரம்பு பிசகிவிடுமோ என்று. நல்ல ரிசார்ட்டில் பயிற்சி பெற்றவரின் கை கெடுதல் செய்வது அரிது. நான் அஞ்சுவது சூட்டுக்கு. ஸ்டீம் ரூம், சானா, ஜக்குஸி, ஹாட் ஸ்டோன், மூலிகை மூட்டை ஒத்தடம், கால் ஊறவைக்கும் வெந்நீர் என்று, மெனுவில் விலை ஏற ஏற இந்தச் சூட்டு அயிட்டங்கள்தான் கூடிக்கொண்டே போகும். சானாவில் 80 முதல் 100 டிகிரி வரை இருக்கும், ஆனால் காற்று உலர்ந்தது, வேர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். ஸ்டீம் ரூமில் 40, 50 டிகிரிதான், அதனால் அது சாதுவானது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அங்கே காற்று முழுக்க ஈரம். வேர்வை வழியுமே தவிர ஆவியாகாது, உடம்புச் சூடு வெளியே போக வழியில்லை. டெல்லியில் 42 டிகிரியைத் தாங்கியவர் சென்னையில் 38 டிகிரியில் துவண்டு போவதற்கும் இதே காரணம்தான். ஜக்குஸியில் நீரின் சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு, ஆனால் கழுத்து வரை மூழ்கியிருப்பவருக்கு வேர்வையால் பயனே இல்லை. இதோடு மாலத்தீவு வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவுகள், மதியத்தில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது அங்கே சாதாரணம். காலை முழுக்கக் கடலில் கிடந்தவருக்கு உடம்பில் ஏற்கெனவே தண்ணீர் குறைந்திருக்கும். பெங்களூரு குளிருக்குப் பழகிய உடம்பு அந்த ஈரச் சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், உங்கள் பயணமே அதற்குள் முடிந்துவிடும். ஆக, ஸ்பாவில் எதற்கு "சரி" சொன்னாலும், இது உடம்பை எவ்வளவு சூடாக்கும் என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அத்தை. 15 வருடச் சர்க்கரை என்றால் நான் முதலில் பார்ப்பது பாதத்தைத்தான். கிளினிக்கில் இதற்கு மோனோஃபிலமென்ட் என்று ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறோம், ஒரு பிடியில் செருகிய நைலான் இழை, அவ்வளவுதான். நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரலின் அடியில், விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் என்று இடம் மாற்றி மாற்றி இழையின் நுனியை வைத்து, அது வில்லாக வளையும் வரை அழுத்துவோம். வளையும்போது பாதத்தில் விழும் அழுத்தம் 10 கிராம். தெரிந்தால் "ம்" என்பார். எந்த இடத்தில் சத்தம் வரவில்லையோ, அந்த இடத்தில் செருப்பு கடித்தாலும் கல் குத்தினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஐந்து நிமிட வேலை, பெங்களூரில் சர்க்கரை நோய் கிளினிக்குகளில் வழக்கமாகச் செய்வதுதான். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் அழைத்துப் போங்கள். அப்போது, சூடு குளிர் தெரிகிறதா என்றும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டை உணரும் நரம்பிழைகள் மிக மெல்லியவை. அழுத்தம் நன்றாகத் தெரிகிற பாதத்திலும் சூடு தெரியாமல் போயிருக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அப்படி ஒரு பாதத்துக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், ஒரு கடற்கரை ரிசார்ட்டில் பெடிக்யூருக்காக வெந்நீரில் கால் வைத்திருந்தார். "ரொம்ப இதமா இருந்துதும்மா" என்றுதான் என்னிடமும் சொன்னார். மறுநாள் செருப்பைக் கழற்றும்போது குதிகாலில் பிசுபிசுப்பு தட்டுப்பட்டிருக்கிறது. பார்த்தால் கொப்புளம் உடைந்து, தோல் செருப்போடு ஒட்டியிருக்கிறது. வலி துளிகூட இல்லை. என்னிடம் வந்தபோது புண்ணின் ஓரம் வெளுத்துத் தடித்து, நடுவில் செக்கச்செவேல் என்றிருந்தது. ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆனது. 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும், 50 டிகிரிக்குச் சில நிமிடங்கள் போதும். ஹாட் ஸ்டோன் மசாஜுக்கான எரிமலைக் கற்களை ஏறக்குறைய அந்த 50 டிகிரி நீரில்தான் போட்டு எடுக்கிறார்கள். தெரபிஸ்ட் கல்லை ஓர் இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருப்பார், சூடு தாங்காவிட்டால் படுத்திருப்பவர் சொல்வார், இந்த இரண்டையும் நம்பித்தான் அந்தச் சிகிச்சையே நடக்கிறது. இரண்டாவது இல்லாதவருக்கு அது ஆபத்து. ஆகவே அத்தைக்கு ஹாட் ஸ்டோன், ஸ்டீம், சானா, ஜக்குஸி, வெந்நீரில் கால் ஊறவைப்பது எதுவும் வேண்டாம். பாதச் சோதனை நன்றாகவே வந்தாலும் இதை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன், 68 வயதும் பிரஷர் மாத்திரையும் அப்படியேதானே இருக்கின்றன. பெடிக்யூர் ஆசைப்பட்டால் நகத்துக்கு வர்ணம் பூசிக்கொள்ளட்டும். பிளேடால் கால் ஆணியைச் சீவுவது, நகத்தோரச் சதையை வெட்டுவது, மீனைக் கடிக்க விடும் ஃபிஷ் ஸ்பா மூன்றும் கூடவே கூடாது. ஸ்பாவுக்குப் போகும் மரப்பாலம் மதிய வெயிலில் கொதிக்கும். அங்கே எல்லாரும் வெறுங்காலோடு நடப்பார்கள், அத்தை மட்டும் செருப்போடுதான் நடக்க வேண்டும், உள்ளே கழற்றச் சொன்னால் அவர்கள் தரும் செருப்பைப் போட்டுக்கொள்ளட்டும்.

அதற்காக அத்தையை அறையில் உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். வெதுவெதுப்பான எண்ணெய் மசாஜ், மிதமான அழுத்தம், 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ, அவருக்குத் தாராளமாகப் பொருந்தும். எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று, தட்டுவது, பிடிப்பது, அழுத்துவது, இழுப்பது என ஒவ்வொன்றையும் தனி முறையாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். குப்புறப் படுத்தால் கழுத்தும் முழங்காலும் வலிக்கும் என்றால் ஒருக்களித்துப் படுத்தே செய்துகொள்ளலாம், முன்னாலேயே சொல்லிவிட்டால் போதும். கவனிக்க வேண்டியது சாப்பாடு. ஸ்பாவில் வழக்கமாக "வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்" என்பார்கள். மற்றவர்களுக்கு அது சரி. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அதைக் கேட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் மசாஜ் மேஜையிலேயே சர்க்கரை இறங்கிவிடும், அரைத் தூக்கத்தில் இருப்பதால் யாருக்கும் தெரியாது. காலை உணவை வழக்கம்போல் முடித்து, ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து ஸ்லாட் வாங்குங்கள். இன்சுலின் ஊசி போடுகிறார் என்றால் அன்று போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம் என்று தெரபிஸ்டிடம் சொல்ல வேண்டும், தேய்த்தாலும் சூடு பட்டாலும் மருந்து சீக்கிரம் இரத்தத்தில் கலந்துவிடும். பையில் நாலு சர்க்கரைக் கட்டி இருக்கட்டும். மசாஜ் முடிந்ததும் விருட்டென்று எழ விடாதீர்கள். இரத்தக் குழாய்கள் தளர்ந்திருக்கும், மாத்திரையும் அதையேதான் செய்கிறது, எழுந்தவுடன் கண் இருட்டும். மேஜை ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, யாராவது கை கொடுக்க எழட்டும், தரையிலும் எண்ணெய் இருக்கும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா என்று சீட்டைப் பாருங்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்றவை இருந்தால் ஆழமாக அழுத்தும் மசாஜ் கூடாது, கன்றிப்போகும்.

நாத்தனார் விஷயத்தில் உறுதியானதையும் ஐயத்துக்கு இடமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியானது: ஸ்டீம், சானா, ஜக்குஸி கூடாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாயின் உள்சூடு 39 டிகிரியைத் தாண்டுவது குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை உருவாவதைப் பாதிக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் நரம்புக் குழாய் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது, மூன்றாம் மாதத்தில் அந்தக் கட்டம் தாண்டியிருக்கும். இருந்தாலும் உடம்பு சூடேறி மயக்கம் வருவது, நீர் வற்றுவது எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன, பிரசவம் வரை இந்த மூன்றையும் தள்ளியே வைக்கச் சொல்வேன். ஐயத்துக்கு இடமானது: முதல் மூன்று மாதத்தில் மசாஜ் செய்தால் கரு கலையும் என்ற பேச்சு. மென்மையான மசாஜ் அப்படிச் செய்கிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. ஆனாலும் பல ஸ்பாக்கள் 12 வாரம் முடியாமல் தொட மாட்டார்கள், ஏனென்றால் அந்த மாதங்களில் கரு தானாகவே கலைவது அதிகம், பழி தங்கள் மேல் வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறார்கள். அங்கே போய் ஏமாறாமல் இருக்க, எத்தனையாவது வாரம் என்று எழுதி முன்கூட்டியே கேளுங்கள். அவர் டாக்டர் சம்மதித்து, ஸ்பாவில் கர்ப்ப கால மசாஜ் பயின்றவர் இருந்தால், தோள், கை, தலை மட்டும் செய்துகொள்ளட்டும். இன்னொன்று. கர்ப்பிணிகளுக்குக் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைய வாய்ப்பு அதிகம், விமானத்தில் உட்கார்ந்தே வருவது அதைக் கூட்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் தேய்த்துவிடக் கூடாது, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். அவருக்கு மட்டும் இல்லை, உங்கள் ஐந்து பேருக்கும் இது பொருந்தும்.

மகளுக்குக் கிட்ஸ் ஸ்பா மெனு தனியாக இருக்கும். நெயில் பாலிஷ், தயிரோ பழமோ வைத்து முகப்பூச்சு, இருபது முப்பது நிமிடக் கை கால் மசாஜ். எடுத்துக் கொடுங்கள், சந்தோஷப்படுவாள். நீங்கள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், அவள் "போதும்" என்ற நிமிடத்தில் நிறுத்த வேண்டும், இந்த இரண்டையும் அவள் காது கேட்கவே தெரபிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். தன்னைத் தொடுவதை நிறுத்தச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று ஒரு குழந்தைக்குத் தெரிய இது நல்ல இடம். பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு வேகமாகச் சூடேறும், ஆகவே ஸ்டீமும் ஜக்குஸியும் அவளுக்கும் இல்லை. கற்பூரம், யூகலிப்டஸ் கலந்த எண்ணெய்கள் வேண்டாம். வேர்க்கடலை, பாதாம், எள் எதற்காவது ஒவ்வாமை இருந்தால் எண்ணெயின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் தொட விட வேண்டும். கடற்கரைச் சுற்றுலா ஊர்களில் குழந்தைகளுக்குப் போட்டுவிடும் கறுப்பு மெஹந்தியை மட்டும் எங்கே பார்த்தாலும் மறுத்துவிடுங்கள். மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. கறுப்பு வருவதற்காகத் தலைமுடிச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். தோல் கொப்புளித்துத் தழும்பாவதோடு, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரியவளான பிறகும் ஹேர் டை பக்கம் போக முடியாது.

உங்கள் கணவர் ஸ்கூபா டைவிங் போகப் போவதாக எழுதியிருந்தீர்கள். டைவ் முடித்த கையோடு ஜக்குஸியோ ஆழ்ந்த அழுத்த மசாஜோ வேண்டாம். நீருக்கடியில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் எடுக்கும், திடீர்ச் சூடு அந்தக் கணக்கைக் குலைக்கலாம். மசாஜ் செய்தபின் தோளில் வலி வந்தால், அது பிடித்துவிட்டதால் வந்ததா, டைவிங் நோயின் அறிகுறியா என்று டாக்டராலும் உடனே சொல்ல முடியாது. ஸ்பாவை டைவுக்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ளட்டும். திரும்பும் விமானத்துக்கு முன்பும் ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை.

நீங்கள் உங்களுக்கென்று கேட்டது ஒரே வரி, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வந்த கழுத்து, முதுகு வலிக்கு ஏதாவது உண்டா என்று. உண்டு, ஆனால் அளவோடு எதிர்பாருங்கள். கீழ் முதுகு வலிக்கு மசாஜ் பற்றி 2015-ல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 25 ஆய்வுகளையும் மூவாயிரத்துச் சொச்சம் நோயாளிகளையும் வைத்துப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு வலி குறையலாம், ஆனால் சான்றின் தரம் போதாது என்பதுதான் அதன் முடிவு. என் அனுபவமும் அதுதான்: ஒரு மசாஜ் ஓரிரு நாள் தளர்வைத் தரும், நல்ல தூக்கத்தைத் தரும், பயத்தையும் பதற்றத்தையும் குறைக்கும். வலிக்குக் காரணமான நாற்காலியும் அசையாத எட்டு மணி நேரமும் பெங்களூரில் உங்களுக்காகக் காத்திருக்கும். பாலினீஸ் மசாஜ் கேளுங்கள், நடுத்தர அழுத்தம். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கினால்தான் முடிச்சு அவிழும் என்பது உண்மை இல்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டால் தசை தளரவே தளராது. தாய் மசாஜ் என்றால் தரைமெத்தையில், தளர்ந்த பைஜாமா போட்டபடியே, எண்ணெய் இல்லாமல் செய்வார்கள். யுனெஸ்கோ 2019-ல் பண்பாட்டு மரபாகச் சேர்த்த கலை அது, நெட்டி முறிப்பதும் வளைப்பதும் அதில் நிறைய. எந்த மசாஜ் ஆனாலும் கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடக்கெடுக்க விடாதீர்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாகப் போகிறது. அது கிழிவது அரிதுதான், ஆனால் கிழிந்தால் பக்கவாதம். தலையசைத்து மறுத்தால் புரியாமல் போகலாம், வாய்விட்டு "நோ நெக் கிராக்கிங்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

மெனுவில் "டீடாக்ஸ்", "நச்சு நீக்கம்", "ஒரு மணி நேரத்தில் அரை கிலோ" என்று இருப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வேர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். கழிவை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும். ஸ்டீமில் குறையும் எடை அடுத்த வேளை தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். சானா இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. கிழக்குப் பின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களை இருபது வருடங்களுக்கு மேல் கவனித்து 2015-ல் வெளியிட்டார்கள், வாரத்தில் அதிக நாள் சானாவுக்குப் போனவர்களிடம் இதய நோயால் வந்த சாவு குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் சிறு வயதிலிருந்து பழகியவர்கள், குளிர்நாட்டுக்காரர்கள், சானாதான் காரணமா, சானாவுக்குப் போக முடிகிற உடல்நிலை காரணமா என்றும் அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு முறை விடுமுறையில் உட்காருகிறவருக்கு அதை நீட்டிப் பேசுவது தவறு. நீங்களும் கணவரும் ஆரோக்கியமானவர்கள், வெயில் இறங்கிய பிறகு, தண்ணீர் குடித்துவிட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து வாருங்கள், சுகமாக இருக்கும். அந்தச் சுகம் ஒன்றே போதுமான காரணம் என்பது என் எண்ணம்.

இறந்த தோலைத் தேய்த்து எடுக்கும் ஸ்க்ரப்பை வெயில் தின்ற தோலில் செய்யவே கூடாது. தோள் சிவந்து எரிகிறது என்றால் அன்று ஸ்பாவை ரத்து செய்துவிட்டுக் கற்றாழை தடவிக்கொண்டு படுங்கள். பெர்கமாட் (எலுமிச்சை வகைப் பழம்), எலுமிச்சைத் தோல் எண்ணெய் கலந்த மசாஜ் எடுத்துவிட்டு வெயிலில் போனால் தோல் கருகும், எண்ணெய்க்கும் வெயிலுக்கும் நடக்கும் ரசாயன வினை அது. உங்களுக்கும் கணவருக்கும் மாலை நாலு மணிக்கு மேல் ஸ்லாட் எடுங்கள். அத்தைக்கு மட்டும் காலை, சாப்பாட்டுக் கணக்குக்காக, பிறகு அவர் நிழலில் இருந்துகொள்ளட்டும்.

பணம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். சர்வீஸ் சார்ஜும் வரியும் தனி என்று அர்த்தம். மாலத்தீவில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலை 1 முதல் 17 சதவீதம். 150 டாலர் என்று போட்டிருந்தால் 165 ஆகி, பிறகு 193 ஆகும். கிட்டத்தட்ட 29 சதவீதம் கூடுதல். உங்கள் ஸ்பா கிரெடிட் வரிக்கும் சேர்த்தா, விலைக்கு மட்டுமா, அறைக்கு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா, குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு மட்டுமா, ஒரே பில்லில் இரண்டு அறைக் கிரெடிட்டைச் சேர்க்கலாமா என்று ரிசார்ட்டுக்கு மெயில் அனுப்பி எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக மீதிப் பணம் திரும்பி வராது. என்னைக் கேட்டால், கிரெடிட் முழுவதையும் அத்தைக்கும் உங்களுக்கும் ஒரு நல்ல எண்ணெய் மசாஜிலும், மகளுக்கு ஒரு சின்ன அயிட்டத்திலும் செலவழியுங்கள். ஃபேஷியலும் ஹேர் ஸ்பாவும் ஊருக்கு வந்து செய்துகொள்ளலாம். இந்தியாவில் அழகு, உடல்நலச் சேவைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது, அதே பொருள், அதே கை. கடல் தெரியும் அறையில் ஒரு மணி நேரம் படுத்திருப்பது மட்டும்தான் இங்கே கிடைக்காதது, பணம் அதற்குத்தான்.

"கப்பிள் ரூம்" என்றால் கணவன் மனைவிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரே அறையில் இரண்டு மேஜை, அவ்வளவுதான். அத்தையும் நீங்களும் அதில் படுத்துக்கொள்ளலாம், அவர் பயமும் பாதி குறையும். பெண் தெரபிஸ்ட் வேண்டும் என்று புக் செய்யும்போதே சொல்லுங்கள், வாசலில் போய்ச் சொன்னால் ஆள் இருக்க மாட்டார்கள். கூடவே கேரளத்துக்காரர் யாராவது இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். மாலத்தீவு ஸ்பாக்களில் பாலி, தாய்லாந்து, கேரளத்துப் பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அத்தை "சூடா இருக்கும்மா", "மெதுவா" என்று தமிழில் சொன்னாலே போதும் என்றால் அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. உடை விஷயத்தில் கூச்சம் வேண்டாம். அவர்கள் தரும் காகித உள்ளாடைதான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சொந்த உள்ளாடையோடே படுக்கலாம். மேலே துணி போர்த்தி, தேய்க்கும் பகுதியை மட்டும் விலக்குவார்கள். அதுவும் வேண்டாம் என்றால் தலை, தோள், கை மசாஜை நைட்டியோடே உட்கார்ந்து செய்துகொள்ளலாம்.

சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் போனால் ஒரு ஃபார்ம் தருவார்கள். பலர் அதில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டு இஞ்சி டீயைக் குடிக்கப் போய்விடுகிறார்கள். அத்தையின் ஃபார்மை நீங்கள் உட்கார்ந்து நிரப்புங்கள். சர்க்கரை, எத்தனை வருடம், எல்லா மாத்திரைகளின் பெயர், பாதத்தில் உணர்வு எப்படி, ஊசி போட்ட இடம், முழங்கால் வலி, எழும்போது உதவி வேண்டும். மருந்துச் சீட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் எழுத்துப் பிழை வராது. அதைப் படித்துவிட்டுத் தெரபிஸ்ட் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டால் நல்ல இடம் என்று நம்பலாம். பார்க்காமலே ஃபைலில் செருகினால், வாயால் ஒருமுறை சொல்லிவிட்டு, அப்போதும் முகத்தில் அக்கறை தெரியாவிட்டால் தயங்காமல் வேறு ஆள் கேளுங்கள். பாதச் சோதனை முடிந்ததும் எந்தெந்த இடத்தில் உணர்வு இல்லை என்று இங்கேயே எழுதுங்கள், காலை எந்த அளவுக்குத் தொட விடலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.